தெளியாத வாளி

ஆகஸ்ட் 11

கடைசியில் வந்துவிட்டது. மூன்று வருஷம் எழுதிப் போட்டு, ஆளாளுக்குக் காலில் விழாத குறையாகக் கேட்டு, இன்றைக்குத்தான் எங்கள் லேபுக்கு டிஸ்டில்டு வாட்டர் மெஷின் வந்து இறங்கியது. லேப் உதவியாளர் முனவ்வர் மேஜையைத் துடைத்தார். நான் சந்தனம் குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழத்தை நறுக்கியது யாரென்று தெரியவில்லை, என் நல்ல கத்தியைக் காணோம். நிலவியல் பிரிவுத் தலைவர் ஜெயசீலன் சார் வந்து சுவிட்சைப் போட்டார். "இனிமே உங்க ரிசல்ட்ல ஒரு தூசி இருக்கக் கூடாது வேதவல்லி மேடம்" என்றார்.

இதுவரை என்ன செய்தோம் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. சுரங்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கேனில் பிடித்து வந்து, துணியில் வடிகட்டி, அதை வைத்துத்தான் கல்லைச் சோதித்தோம். எம்.எஸ்ஸி. படித்துவிட்டு செய்கிற வேலையா அது. இனிமேல் துளி உப்பும் இல்லாத தண்ணீர்.

வீட்டில் வந்து சொல்ல ஆள் இல்லை. ஆள் இருக்கிறது, பேச்சு இல்லை. ஆடி மாசம் பிறந்ததிலிருந்து இப்படித்தான். என் வீட்டுக்காரர் கோதண்டத்துக்கு மேலே வொர்க்‌ஷாப்புக்கு மாற்றல் வந்தது. பதினெட்டு வருஷமாகச் சுரங்கத்தின் அடித்தளத்தில் பம்ப் பார்க்கிற மனுஷன், நிழலான இடத்துக்கு வரலாம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "அங்க போயி என்னா பண்றது" என்று பதில். அதோடு சரி. நானாகப் பேச மாட்டேன்.

ஆகஸ்ட் 14

தெற்கு மூலையிலிருந்து ஏழு கோர் வந்தது. பூமியைத் துளைத்து எடுக்கிற உருளைக் கல்லைத்தான் கோர் என்போம். காய்ந்துவிடாமல் இருக்க மேலே மெழுகு பூசி அனுப்புவார்கள். ஏழும் நிலக்கரிக்கு அடியில் கிடக்கும் மணற்கல்.

மகள் நிறைமதி போனில் கேட்டாள், தினமும் அந்தக் கல்லை வைத்துக்கொண்டு அப்படி என்னம்மா பார்ப்பாய் என்று. சிதம்பரத்தில் ஹாஸ்டலில் இருந்துகொண்டு பி.எஸ்ஸி. அக்ரி படிக்கிறவளுக்கு இதுகூடத் தெரியவில்லை. சொன்னேன். கரிக்குக் கீழே மணற்கல். மணற்கல் பார்க்கத்தான் கல், உள்ளே ரவா லட்டு மாதிரி மணிக்கு மணி இடுக்கு. அந்த இடுக்கெல்லாம் தண்ணீர். மேலே இருக்கிற பூமியின் பாரத்தில் அழுந்திக் கிடக்கிற தண்ணீர், வழி கிடைத்தால் மேலே ஏறிவிடும். மேலே இருக்கும் மண்ணை அள்ள அள்ள சுரங்கத்தின் தரை லேசாகிக்கொண்டே போகும். சுற்றிலும் பம்ப் வைத்து ராத்திரி பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் தரை தரையாக இருக்கும். நிறுத்தினால் தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். எத்தனை பம்ப் வேண்டும் என்பதற்குத்தான் நான் கல்லைப் பார்க்கிறேன். இரண்டே கேள்வி. கல் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், எவ்வளவு வேகமாக விடும்.

"அப்பா நிக்கிற தரையா?" என்றாள்.

"உங்க அப்பா நிக்கிற தரைதான். அவரு ராத்திரிக்கு இட்லியா தோசையான்னு கேட்டுச் சொல்லு."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நான் சிதம்பரத்துலேர்ந்து கேட்டுச் சொல்லணுமாம்மா?"

கேட்டுச் சொன்னாள். தோசையாம்.

ஆகஸ்ட் 19

மூன்று கோர் முடிந்தது. ஒன்றும் புரியவில்லை.

பிடிக்கிற தண்ணீரைப் பார்த்தால் கல்லில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இடுக்குதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் இடுக்குகள் பெரிது பெரிதாகத் தெரிகின்றன. இப்படிப்பட்ட கல் தண்ணீரைச் சும்மா கடகடவென்று விட வேண்டும். விடவில்லை. முதலில் கொஞ்சம் நன்றாகத்தான் வருகிறது, அப்புறம் குறைந்து குறைந்து சொட்டாக நிற்கிறது. கதவு அத்தனையும் திறந்து கிடக்கிற வீட்டில் ஆள் நுழைய முடியவில்லை என்றால் என்ன அர்த்தம்? போன வருஷம் வடக்கு மூலைக் கல் இதே நிறம், இதே மணல், வாங்கின தண்ணீரை வாங்கின கையோடு விட்டது.

வெளியே வந்த தண்ணீரும் கொஞ்சம் வெள்ளையாக இருந்தது. கண்ணாடிக் குவளையைச் சரியாகக் கழுவவில்லை என்று முனவ்வரைச் சத்தம் போட்டேன். "மேடம், உங்க புது மெஷின் தண்ணியிலயே மூணு வாட்டி கழுவினேன். இதுக்கு மேல கழுவுனா குவளையே கரைஞ்சிடும்" என்றார். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

காற்றுக் குமிழி அடைத்திருக்கும். நாளைக்குக் காற்றை நன்றாக உறிஞ்சிவிட்டுச் செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 22

காற்றை உறிஞ்சியும் அதே கதை. தலைவலி. ரசம் மட்டும் வைத்தேன். அவர் சாப்பிட்டாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. தட்டு கழுவியிருந்தது.

ஆகஸ்ட் 27

விநாயகர் சதுர்த்தி. களிமண் பிள்ளையார் அவர்தான் வாங்கி வந்தார். போன வருஷத்தைவிடப் பெரிது. எருக்கம்பூ மாலையும் மறக்கவில்லை. கொழுக்கட்டையைத் தட்டில் வைத்துக் கூடத்தில் வைத்தேன். ஏழு இருந்தது, அடுத்த முறை பார்த்தபோது ஒன்று இருந்தது. எனக்கென்ன.

ஆகஸ்ட் 29

மூன்றாம் நாள் பிள்ளையாரைக் கரைக்க வேண்டும். குவார்ட்டர்ஸ்காரர்களுக்குக் குளமும் கிடையாது, ஆறும் கிடையாது. எல்லோரும் வாளியில்தான் கரைப்போம். மறுநாள் தெளிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடியில் படிந்த மண்ணை முருங்கை மரத்தடியில் கொட்டுவோம்.

இன்றைக்கென்று பார்த்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எங்கோ பைப் மாற்றுகிறார்களாம். பக்கத்து வீட்டு ரமணி அம்மா டிரம்மில் பிடித்து வைத்திருந்த போர் தண்ணீரில் கரைத்தார்கள். நான் யாரிடம் போய்க் கேட்பது? இன்வெர்ட்டர் பேட்டரிக்காக லேபிலிருந்து எடுத்து வந்த டிஸ்டில்டு வாட்டர் கேன் இருந்தது. அதை வாளியில் ஊற்றினேன். "பிள்ளையாருக்கு இதவிட சுத்தமான தண்ணி எந்தக் கோயில்ல கெடைக்கும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்த மாதிரி இருந்தது. இருமலாகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 31

ரமணி அம்மாவின் வாளி நேற்றுக் காலையே தெளிந்துவிட்டது. என்னுடையது இன்னும் மோர் மாதிரி இருக்கிறது. பிள்ளையார் கரைந்துவிட்டார், தெளிய மாட்டேன் என்கிறார். "என்னாங்க வேதா, வேண்டுதல் ஏதும் பாக்கியா?" என்று ரமணி அம்மா கேட்டார்கள். அவர்கள் பிள்ளையாரும் அதே கடையில் வாங்கினதுதான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாளியை மாடிப்படிக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

செப்டம்பர் 3

ஆறு கோர் முடிந்தது, ஆறும் ஒரே பேச்சு. நிறையப் பிடிக்கிறது, விடுவதில்லை. ஏழாவதை மெழுகோடு அப்படியே வைத்துவிட்டேன், ஆறு சொன்னதைத்தான் அதுவும் சொல்லப்போகிறது.

ஜெயசீலன் சார் ரிப்போர்ட் கேட்டார். "எனக்கு இதுல ஏதோ இடிக்குது சார். இடுக்கு இவ்ளோ இருந்தும் தண்ணி போகமாட்டேங்குது" என்றேன்.

"ஆறும் ஒத்துப் போகுதா இல்லியா?"

"போகுது சார்."

"அப்ப இடிக்கிறது கல்லு இல்ல மேடம், உங்க மனசு."

ஆறும் ஒத்துப் போகும்போது நான் என்ன சொல்வது? கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகும் ஏதோ இடித்துக்கொண்டேதான் இருக்கிறது. என்னவென்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 8

ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுத்துவிட்டார்கள். தெற்கு மூலையில் கல் கெட்டி, தண்ணீர் மெதுவாகத்தான் வரும், அதனால் அங்கே நாலு பம்பை நிறுத்திவிடலாம், கரண்ட் மிச்சம். நாளையிலிருந்து.

தெற்கு மூலைதான் அவருடைய இடம். அதனால் என்ன? நாலு பம்ப் குறைந்தால் வேலையும் குறையும். நல்லதுதானே. என் ரிப்போர்ட்டால் அவருக்குக் கொஞ்சம் ஓய்வு. இதைச் சொல்லிக் காட்டலாம் என்று நினைத்தேன், நானாகப் பேசுவதில்லை என்பது ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

தூக்கம் வரவில்லை. காபி குடித்ததால் இருக்கும்.

செப்டம்பர் 10

நேற்று நிறுத்திவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகப்போகிறது.

செப்டம்பர் 12

நிறைமதி போன். "அம்மா, அப்பா இன்னொரு ஜோடி சாக்ஸ் எடுத்து வைக்கச் சொன்னாரு."

"இருக்குற சாக்ஸுக்கு என்னாவாம்?"

"காயமாட்டேங்குதாம்."

புரட்டாசி வரப்போகிறது, புழுக்கம் போகவில்லை, வேர்க்காமல் என்ன செய்யும். பீரோவிலிருந்து புது ஜோடி எடுத்து அவர் பூட்ஸ் மேல் வைத்தேன். பழையதைத் துவைக்க எடுத்தால் கனம் கனத்தது, மண்ணும் சகதியுமாக. இந்த மனுஷனுக்கு நடக்கவே தெரியாது, குட்டை இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் காலை வைப்பார். இரண்டு தண்ணீர் விட்டு அலசினேன்.

டிபன் பாக்ஸில் பாதிச் சாதம் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. அதையும் நான் கேட்கப் போவதில்லை.

செப்டம்பர் 15

கொசு வருகிறது என்று ரமணி அம்மா சண்டைக்கு வந்துவிட்டார்கள். மாடிப்படிக்கு அடியிலிருந்து வாளியை இழுத்தேன். அடியில் கொஞ்சம் படிந்திருந்தது, மேலே இன்னும் வெள்ளை. இத்தனை நாள் கழித்தும் வெள்ளை. "இந்தாங்க, இத ஊத்துங்க, சீக்கிரம் தெளியும், பொறவு கொட்டலாம்" என்று அவர்கள் டிரம்மிலிருந்து ஒரு குடம் போர் தண்ணீரைக் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தேன். திரிதிரியாகக் கட்டிக்கொண்டு மண் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் மேலே பாதி வாளி தெளிவு.

வாளிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

களிமண்ணுக்கு உப்புத் தண்ணீர்தான் பிடிக்கும், போர் தண்ணீரில் அந்த உப்பு இருக்கிறது. உப்பு இருந்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். உப்பே இல்லாத தண்ணீரில் பொடிப்பொடியாகப் பிரிந்து மிதக்கும். இது எனக்குத் தெரியாததா? காலேஜில் படித்ததுதானே. மணற்கல்லில் மணிகளுக்கு நடுவே களிமண் இருக்கும், பூமிக்கடியில் உப்புள்ள தண்ணீரில் அது பாட்டுக்குச் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கும். நான் போய்ச் சுத்தமான தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். அது பிரிந்து, மிதந்து, ஒவ்வொரு இடுக்கின் வாயிலும் போய் அடைத்துக்கொண்டது. முதலில் நன்றாக வந்து அப்புறம் நின்றது அதனால்தான். வெள்ளையாக வந்தது குவளை அழுக்கு இல்லை, கல்லின் களிமண். பாவம் முனவ்வர்.

இப்படித்தானா? இல்லை, நானாக ஏதோ முடிச்சுப் போடுகிறேனா? வாளி வேறு, கல் வேறு. கல் நிஜமாகவே கெட்டியாகவும் இருக்கலாமே. அந்த ஆறு துண்டும் இனி உதவாது, அடைத்தது அடைத்ததுதான். மெழுகோடு ஏழாவது ஒன்று இருக்கிறது. அதைச் சோதிக்க அதே மூலையின் கிணற்றுத் தண்ணீர் வேண்டும்.

நிறைமதிக்குப் போன் போட்டேன். "அப்பாகிட்ட சொல்லு, நாளைக்கு தெக்கு மூலை கெணத்துலேர்ந்து ஒரு கேன் தண்ணி புடிச்சு வரச் சொல்லு. லேபுக்கு."

"நீயே சொல்லேம்மா. எனக்குப் பரீட்சை."

"சொல்றியா இல்லியா?"

செப்டம்பர் 16

ஷிஃப்ட் முடிந்து வந்தவர் கேனை வாசற்படியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். எதற்கென்று கேட்கவில்லை. கேன் துளும்பத் துளும்ப நிறைந்திருந்தது, மூடியை ஒரு பாலித்தீனால் கட்டியிருந்தார். நாளை காலை முதல் வேலை இதுதான்.

செப்டம்பர் 17

எழுதி முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எது முன்னால் எது பின்னால் என்று குழம்பிவிடும்.

காலையில் ஏழாவது கோரின் மெழுகை உரித்தேன். கிணற்றுத் தண்ணீரை விட்டேன். விட்டது. ஆறு துண்டும் விட்டதைச் சேர்த்தால்கூட இதன் கால்வாசி வராது. முனவ்வர் குவளை மாற்றிக்கொண்டே இருந்தார். மத்தியானம் வரைக்கும் குறையவே இல்லை, வந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்புறம் அதே துண்டில் என் டிஸ்டில்டு வாட்டரை விட்டேன். கண் முன்னாலேயே குறைந்தது. வெள்ளையாக வந்தது. சொட்டாக நின்றது.

"இந்த மெஷினுக்கா மேடம் சந்தனம் வெச்சோம்?" என்றார் முனவ்வர். சிரிக்கவில்லை.

ஜெயசீலன் சார் ரூமுக்கு ஓடினேன். சொல்ல வேண்டியதை முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன் போலிருக்கிறது, இரண்டு தடவை கேட்டார்.

"ஆறு ஒண்ணு சொல்லுது, ஒண்ணு வேற சொல்லுது. நான் எதை மேல எடுத்துட்டுப் போறது?"

"அந்த ஆறையும் நான்தான் கெடுத்தேன் சார். கல்லு தண்ணி விடுற கல்லு. நாலு பம்பையும் உடனே போடச் சொல்லுங்க."

"நாளைக்கு மீட்டிங் இருக்கு. வெச்சுப் பேசுவோம்."

"நாளைக்கு வரைக்கும் கீழ ஆள் இருப்பாங்களே சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "வேதவல்லி மேடம், உங்க வீட்டுக்காரர் அங்க இருக்காருன்னு பதட்டப்படுறீங்க. அவர் வேற மூலையில இருந்தா இப்படி ஓடி வருவீங்களா?"

வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். அவர் கேட்டதற்குப் பதில் உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. கல் விட்டதால் பயந்தேனா, பயந்ததால் கல் விட்டதாகத் தோன்றியதா? ஒரே ஒரு துண்டு. உடைந்த துண்டாக இருந்திருந்தால்? விரிசல் இருந்து அதன் வழியாக வந்திருந்தால்? நாலு பம்பை மறுபடி போட்டு ஒன்றுமில்லை என்றால் இந்த லேபில் என் பேச்சை இனி யார் கேட்பார்கள்? கால் தானாக லேபுக்குத் திரும்பியது. மேஜையில் வரிசையாகக் குவளைகள், தெளிந்தது ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம்.

கீழே மொபைல் எடுக்காது. பம்ப் ஹவுஸில் ஒரு போன் இருக்கிறது, லேபிலிருந்து எண்ணைச் சுழற்றினால் போகும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதில் கூப்பிட்டதில்லை.

அவர்தான் எடுத்தார். "தெக்கு பம்ப் ஹவுஸ்."

"நான்தான்" என்றேன். "ஏங்க, மேல ஏறி வந்துடுங்க. அங்க இருக்கிற எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. நான் போட்ட கணக்கு தப்பு."

"சரி" என்றார். வைத்துவிட்டார்.

ஏன் என்று கேட்கவில்லை. நான்தான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன், முனவ்வர் வாங்கி வைத்தார்.

தெற்கு மூலை ஷிஃப்ட் முழுக்க மேலே ஏறிவிட்டது. அடித்தளத்தில் வேலை நின்றால் பெரிய ஆபீஸ் வரைக்கும் மணி அடிக்கும். ஜெயசீலன் சார் முகம் சிவந்து வந்தார். யாரைக் கேட்டு ஆளை ஏற்றினீர்கள் என்றார். என்னைக் கேட்டு என்றேன். பெரிய ஆபீஸிலிருந்து வந்தவர், வேலைதான் நின்றுவிட்டதே, விஷயம் முடிவாகும் வரை பம்பைப் போட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் நாலும் ஓடத் தொடங்கியது.

அவர் எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பாடு போட்டேன். சாப்பிட்டார். ஏதாவது கேட்பார் என்று பார்த்தேன். மோர் கேட்டார்.

செப்டம்பர் 18

மெமோ கொடுத்திருக்கிறார்கள். அதிகாரம் இல்லாமல் வேலையை நிறுத்தியதற்கு விளக்கம் வேண்டுமாம். விளக்கமா? எனக்கே இன்னும் விளங்கவில்லை.

செப்டம்பர் 21

"பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலையே" என்றார் ஜெயசீலன் சார். கோபமாகச் சொல்லவில்லை, ஆறுதலாகச் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல்.

பம்ப் ஓடுவதால் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் நான் சொன்னது சரியா என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெற்கு மூலையில் புதிதாகக் கோர் எடுத்து, கிணற்றுத் தண்ணீரிலேயே சோதித்து, அப்புறம் முடிவு செய்யலாம் என்று மீட்டிங்கில் எழுதியிருக்கிறார்கள். புத்தி கெட்டவள் ஒரு ஷிஃப்டைக் கெடுத்தாள் என்று கேன்டீனில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். அதுதான் நிஜமாக இருந்துவிட்டால்கூட எனக்குச் சந்தோஷம்தான் என்று தோன்றுகிறது. அடுத்த நிமிஷம் அப்படித் தோன்றவில்லை.

வீட்டில் பழைய கதைதான். அன்றைக்குப் போனில் நான்தான் முதலில் பேசினேன். அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. எனக்கும்தான்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. லேபில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தோம். டிஸ்டில்டு வாட்டர் மெஷின் முன்னால் வந்ததும் முனவ்வர் குங்குமக் கிண்ணத்தோடு நின்றுவிட்டார். "இதுக்கு வைக்கிறதா வேணாமா மேடம்?"

"வையுங்க. அது மேல என்னா தப்பு."

பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம் குழாயடியில் அவர் உட்கார்ந்திருந்தார். பூஜையில் வைக்க ஸ்பேனர், ஹெல்மெட், டார்ச் எல்லாம் துடைத்து வரிசையாக வைத்திருந்தார். பூட்ஸைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் பார்த்தேன். இரண்டு பூட்ஸிலும் கணுக்காலுக்கு மேலே சுற்றிலும் ஒரு வெள்ளைக் கோடு. காய்ந்து இறுகியிருந்தது. அந்த வெள்ளை எனக்குத் தெரியும். வாளியில் பார்த்த வெள்ளை, குவளையில் பார்த்த வெள்ளை.

"இது என்னா?" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "பம்ப நிறுத்துன மறுநாளே கசிய ஆரம்பிச்சிது. தரையிலேர்ந்து குமிழி குமிழியா. நீ போன் பண்ண அன்னிக்கு இதுவரைக்கும் நின்னுச்சு." கோட்டை விரலால் காட்டினார்.

சுண்டல் பொட்டலத்தைக் கல்லின் மேல் வைத்தேன். சாக்ஸ் கேட்டது, காயவில்லை என்றது, பாதிச் சாதம் திரும்பி வந்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அந்தச் சாக்ஸை நான்தானே என் கையால் அலசினேன்.

"ஒரு வாரமா தண்ணியில நின்னுருக்கீங்க. ஏன் யாருகிட்டயும் சொல்லல? எங்கிட்டதான் பேசமாட்டீங்க. ஃபோர்மேன்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"அவுரே வந்து கேட்டாரு. கூட இருந்த ஆளுங்கல்லாம் பயந்துட்டானுங்க, ஏறிடலாம்னானுங்க. நான்தான் ஏற வேணாம்னன்."

"நீங்களா?"

"ரிப்போர்ட்ட நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தாங்க. உன் கையெழுத்து இருந்துச்சு. என் ஊட்டுக்காரி போட்ட கணக்கு, அவ போட்டா தப்பா இருக்காது, கல்லு கெட்டி, இது மேலேர்ந்து வடியிற மழத்தண்ணின்னு சொல்லி, ஃபோர்மேனையும் அப்படியே எழுத வெச்சு, எல்லாரையும் நிக்க வெச்சன்."

சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. அவர் பிரஷைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தார்.

"வொர்க்‌ஷாப்புக்கு எழுதிக் குடுங்க" என்றேன். "உங்க கால்ல வேணும்னாலும் விழறன்."

"பாக்கலாம்" என்றார். இரண்டு சுண்டலை வாயில் போட்டுக்கொண்டார். "புதுக் கல்லு எப்ப வருது?"

"அடுத்த வாரம்."

"தண்ணி நான் எடுத்தாறன். இந்தத் தடவ நீயே சொல்லு, புள்ளைக்கிப் பரீட்சை நேரம்."

பூட்ஸை வாங்கி நான் தேய்த்தேன். கோடு கொஞ்சம் மங்கியது, போகவில்லை. பூஜையில் ஸ்பேனருக்குப் பக்கத்தில் அதையும் வைத்துப் பொட்டு வைத்தேன். நாளைக் காலை ஷிஃப்டுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு கீழே இறங்குவார். என் கையெழுத்தை இன்னும் நம்பிக்கொண்டு.